பச்சை டிக்கை நம்பி காவேரிப்பட்டினம் வரை போய் வந்தோம்

அக்காவுக்குக் கிருஷ்ணகிரி பக்கம் மனை பார்ப்பதற்காக மூன்று மாதமாக ஒரு சொத்து விற்பனைத் தளத்தைப் பயன்படுத்தினேன். தேட வசதியாகத்தான் இருக்கிறது. ஊர், விலை, சதுர அடி என்று பிரித்துப் பார்க்கலாம், வரைபடமும் உண்டு. ஆனால் ஏஜென்ட் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று ஒரு பச்சை டிக் போடுகிறார்களே, அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

காவேரிப்பட்டினம் அருகே 1200 சதுர அடி, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண், பச்சை டிக் எல்லாம் இருந்த ஒரு விளம்பரம். புரோக்கரைக் கூப்பிட்டு சர்வே எண் கேட்டால், "நேர்ல வாங்க சார், எல்லாத்தையும் காட்டறேன்" என்றார். போனோம். வரைபடத்தில் புள்ளி மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது, மனையோ அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, மாந்தோப்புகளைத் தாண்டி, ஒரு வண்டித் தடத்தின் ஓரத்தில். சரி, இடம் நன்றாக இருக்கிறதே என்று அக்காவுக்குப் பிடித்துவிட்டது. இன்றே 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தால் விலை குறையும் என்றார் புரோக்கர், டிக் போட்டிருக்கிறதே என்று அக்காவும் தயாராகிவிட்டார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு, சர்வே எண்ணையும் விடாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவே தமிழ்நாடு ரெரா தளத்தில் விளம்பரத்தில் இருந்த ரெரா எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அது வேறு வட்டத்தில் இருக்கும் வேறொரு லேஅவுட்டின் (மனைப்பிரிவின்) எண்! புரோக்கர் பெயரில் ஏஜென்ட் பதிவு எதுவும் இல்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில் பதிவாக வேண்டிய மனைப்பிரிவில் விற்றுக் கொடுப்பவரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், லேஅவுட் எண் வேறு, ஏஜென்ட் எண் வேறு. இது தெரியாமல்தான் ஏதோ ஒரு எண்ணைப் பார்த்ததும் நாம் நம்பிவிடுகிறோம். அப்புறம் பதிவுத்துறை தளத்தில் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டேன், நிலத்தின் மேல் வங்கி அடமானம் பதிவாகியிருக்கிறது, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் வரவில்லை. வருவாய்த்துறை தளத்தில் பட்டா பார்த்தால் கூட்டுப் பட்டா, நான்கு பேர் பெயர், எங்களிடம் உரிமையாளர் என்று காட்டிய ஆளின் பெயர் அதில் இல்லை. இவ்வளவையும் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காசும் செலவாகவில்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். ஏஜென்ட்டின் செல்போன் எண்ணையும் அடையாள அட்டையையும் மட்டும்தான் சரிபார்ப்போம், மனையை இல்லை என்றார்கள். அதை டிக்குக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டாமா? பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூர், சூளகிரி பக்கம் போனிலேயே மனை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! ரெரா தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம் என்னும்போது, விளம்பரத்தை ஏற்றும் முன் அந்த எண்ணை ஒத்துப் பார்ப்பது இவர்களுக்கு ஒரு பெரிய வேலையா? சர்வே எண் தராத மனை விளம்பரத்தை இவர்கள் ஏற்கவே கூடாது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் தேடும் வசதிக்காக. புகார் கொடுத்த இரண்டாம் நாள் விளம்பரத்தை எடுத்தார்கள். போன வாரம் அதே போட்டோவோடு வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது, டிக்கும் இருக்கிறது. மறுபடி புகார் கொடுத்திருக்கிறேன்.