பூட்டா, மணியா, ஜிபிஎஸ் கடிகாரமா?

சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பிவிடுகிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வது? டிமென்ஷியா (மறதி நோய்) வந்த பெரியவர் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் மூன்று வழிகளை யோசிக்கிறார்கள்.

முதலாவது பூட்டு. செலவு குறைவு, ஆளும் வெளியே போக முடியாது. ஆனால் அவரைத் தனியே விட்டு, கிரில் கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போவது மட்டும் கூடவே கூடாது. அடுப்படியில் புகை கிளம்பினால் அவரால் வெளியே வர முடியாது, அக்கம்பக்கத்தாராலும் உள்ளே வர முடியாது.

கூட ஆள் இருக்கும் இரவில் பூட்டைவிடப் புதுத் தாழ்ப்பாள் நல்லது. நினைவு போனாலும் கைப்பழக்கம் நெடுநாள் நிற்கும். முப்பது வருஷமாகத் திறந்த தாழ்ப்பாளைக் கை தானாகத் தேடிப் போய்த் திறந்துவிடும். புதிதாக ஒன்றைப் பழகுவதுதான் கடினம். ஆகவே கதவின் உச்சியிலோ அடியிலோ, பழையதைப் போல இல்லாத ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தி, கதவின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிடுங்கள். அப்படியும் அவர் கதவை இடித்துக் கத்தினால், முதலில் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். சிறுநீர் முட்டுவதைச் சொல்லத் தெரியாமல்கூடப் பலர் வாசலுக்கு நடக்கிறார்கள்.

இரண்டாவது, கதவு மணி. எங்கள் ஓட்டு இதற்குத்தான். காந்தத் துண்டு கதவில், அதை உணரும் சென்சார் கதவின் நிலைச்சட்டத்தில். இரண்டும் விலகினால் மணி அடிக்கும். சொதப்புவது பொருத்துவதில்தான். இரட்டைக் கதவில் முதலில் திறக்கும் பக்கத்தில் காந்தம் இருக்க வேண்டும். இரும்பு கிரில்லில் நேராக ஒட்டினால் இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும், மணி கண்டபடி அடிக்கும். அடியில் ஒரு மரத்துண்டு கொடுங்கள். ஒட்டும் டேப் மழைக்காலத்தில் கழன்று விழும் என்பதால் திருகாணி போடுங்கள். கதவிலேயே அலறும் வகை பெரியவரைத் திடுக்கிட வைக்கும். சத்தம் உங்கள் படுக்கையறையில் மட்டும் கேட்கும் வயர்லெஸ் வகை வாங்குங்கள். பிளக்கில் சொருகும் பெட்டி என்றால் கரண்ட் போனால் ஊமை, பேட்டரியில் ஓடுவதாகப் பாருங்கள். மணி அடித்தால் எழுந்து போக ஆள் வேண்டும் என்பதே இதன் குறை.

மூன்றாவது, ஜிபிஎஸ் கடிகாரம். கையில் கட்டியிருப்பவர் இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டும். ஆளைத் தடுக்காது, போன பிறகு தேட உதவும். அடிக்கடி சார்ஜ் போட வேண்டும், சிம்முக்கு ரீசார்ஜ் வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் தடுமாறுவதால் தாண்டினால் எச்சரிக்கும் எல்லையை வீட்டைச் சுற்றி 50 மீட்டர் என்று வைத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பொய் எச்சரிக்கை வரும். பிடிக்காதவர் கழற்றி எறிந்துவிடுவார். தொலைந்த சாவியைத் தேட சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லையை இதற்கு மாற்றாக நம்ப வேண்டாம். பக்கத்தில் பொருத்தமான போன் ஏதாவது இருந்தால்தான் அது இடம் காட்டும்.

எதைத் தேர்ந்தாலும், சட்டைக் காலரின் உள்பக்கமோ ரவிக்கையின் உள்பக்கமோ அழியாத மையில் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள், சலவைக் குறி போல. இதற்கு சார்ஜ் வேண்டாம்.

ஆளைக் காணோம் என்றால், பக்கத்தில் கிணறு, குளம், ரயில் பாதை இருந்தால் முதலில் அங்கே ஒருவர் ஓட வேண்டும். இன்னொருவர் 112-ஐ அழைத்து, அன்று கட்டியிருந்த உடையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாமவர், காணாமல் போனவரின் பழைய வீட்டுக்குப் போகும் வழியில் தேடட்டும்.