தகட்டைக் கையால் வளைக்கப் பழகும் கருவித் தொகுப்பு: 14 மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டுப் பழைய பத்மினி காரின் இடது முன் மட்கார்டு, சக்கரத்துக்குப் பின்னால் சேறு தங்கும் மூலையில் துருவேறி, உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்துபோனது. சூலூரிலும் சிங்காநல்லூரிலும் விசாரித்த டிங்கரிங் பட்டறைகளில், ஓட்டையின்மேல் தட்டைத் தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்து, மிச்ச வளைவைப் பட்டி பூசி வரவழைத்துத் தருவதாகவே சொன்னார்கள். பட்டி மெலிதாக இருக்கும்வரை அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் விரல் கனத்துக்கு அதைப் பூசினால், வண்டியின் அதிர்விலும் வெயிலின் விரிவிலும் ஒருநாள் வெடித்து, அடியில் ஈரம் புகுந்து, பழைய இடத்திலேயே துரு மறுபடியும் தொடங்கும். உதிர்ந்த பகுதியை அதே வளைவில் புதுத் தகட்டில் நாமே அடித்துச் செய்தால் என்ன என்ற ஆசையில்தான், கோவையில் ஒரு கருவிக் கடையில் ‘வீட்டிலிருந்தே பழகுவோருக்கு’ என்று எழுதிவைத்திருந்த இந்தத் தொகுப்பை 12,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

பெட்டிக்குள் இருந்தவை: மூன்று சுத்தியல்கள், நான்கு டாலிகள், பேரிக்காய் வடிவில் கடைந்த ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மணல் நிரப்பிக்கொள்ள வேண்டிய ஒரு தோல்பை, தகட்டை அறைந்து சமப்படுத்தும் தட்டையான அறைக்கரண்டி ஒன்று, பதினாறு பக்கச் செய்முறைக் கையேடு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கினால் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும் என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லாமே தேவைப்படுமா என்பது வேறு கேள்வி.

முதலில் சுத்தியல்கள். வாங்கியவுடன் இவற்றைக் கொண்டு தகட்டில் அடிக்கக் கூடாது என்பதை ஒரு தகட்டை வீணாக்கித்தான் தெரிந்துகொண்டேன். முகத்தின் விளிம்பு கூராக இருந்ததால், கை இம்மி சாய்ந்தாலும் தகட்டில் பிறை வடிவில் ஒரு வெட்டுக்காயம் விழுந்தது. அந்தப் பிறையை எடுப்பது, அது விழாமல் பார்த்துக்கொள்வதைப்போலப் பத்து மடங்கு வேலை. அரத்தால் விளிம்பை உருட்டி, 220, 400, 800 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, முகத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மேடு இருக்கும்படி செய்து, கடைசியில் அதில் என் முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெருகேற்ற இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. இந்த வேலையைத் தயாரிப்பாளரே செய்து அனுப்பியிருக்க வேண்டும். அல்லது, செய்துகொள்ள வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரியாவது போட்டிருக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் ஒரு சுத்தியலின் தலை கைப்பிடியில் ஆட ஆரம்பித்தது. ஆப்பு அடித்துச் சரிசெய்துகொண்டேன்.

டாலிகள்தாம் இந்தத் தொகுப்பின் உயிர். தகட்டின் பின்புறம் கையில் பிடித்துக்கொள்ளும் இந்த இரும்புக் கட்டிக்கு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மெல்லிய மேடு, ஒரு பக்கம் முட்டையின் முனை என்று பல முகங்கள் உண்டு. செய்யவிருக்கும் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்த முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்க வேண்டும். சுத்தியல் டாலிக்கு நேர் எதிரே விழுந்தால், நடுவில் அகப்பட்ட தகடு நசுங்கிப் பரவி நீள்கிறது. டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதை ஒட்டிய மேட்டில் அடித்தால், மேடு இறங்கும்போதே பள்ளம் எழும்பி வருகிறது; தகடு அதிகம் நீள்வதில்லை. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, காதால்தான் முடியும். நேர் அடிக்கு ‘டிங்’ என்று கணீர் ஒலி; விலகிய அடிக்கு ஒரு மொத்தையான ‘டப்’. இரண்டு மாதம் கழித்து, பார்க்காமலேயே எந்த அடி எங்கே விழுந்தது என்று சொல்ல என்னால் முடிந்தது.

நான்கு டாலிகளில் மூன்று நல்ல எஃகு. நான்காவது வார்ப்பு, அதுவும் நல்ல வார்ப்பு இல்லை. நாளெல்லாம் மோட்டார் பம்பு உறைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, அதன் வளைந்த முகத்தில் இருந்த குண்டூசித் தலையளவு காற்றுக்குழி உடனே கண்ணில் பட்டது. டாலியில் இருக்கும் குறை எதுவானாலும் அது தகட்டில் அச்சாகப் பதியும் என்பதால், இது சின்னக் குறையே இல்லை. மாற்றிக் கேட்டபோது, தொகுப்பாக விற்றதில் ஒன்றை மட்டும் மாற்ற இயலாது என்று கடையில் மறுத்துவிட்டார்கள். ஃபவுண்டரிகள் நிறைந்த கோவையில் ஒரு குழி விழுந்த வார்ப்பை விற்றுவிட்டு இப்படிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். இன்று அது என் மேசையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.

தோல்பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆற்றுமணல் கிடைக்காததால் எம்-சாண்டை நிரப்பினேன். அதிலிருந்த மாவு போன்ற தூள் ஒவ்வொரு அடிக்கும் தையல் வழியே புகைந்தது. சலித்து, கழுவி, காயவைத்து நிரப்பியபின் நிலைமை சீரானது. பையை இறுக்கமாக நிரப்பினால் தகடு அமுங்கப் பள்ளம் கிடைக்காது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் இந்தப் பையே இல்லாமலும் நமக்கு ஓடும். கறிக்கடையில் பயன்படுத்துவதுபோல் ஒரு புளியமரக் கட்டையை வாங்கி, அதன் தலையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழியும் அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தின் அளவுக்கு இன்னொரு குழியும் செதுக்கிக்கொண்டேன். கொட்டாப்புளியும் இந்தக் கட்டையும் சேர்ந்தால், பை செய்யும் வேலையை அதைவிட வேகமாகவும், அடி எங்கே விழுகிறது என்ற நிச்சயத்தோடும் செய்யலாம். கொட்டாப்புளியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை; மரம் கனமானது, வைரம் பாய்ந்தது, இதுவரை ஒரு சிம்பும் தெறிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தத் தொகுப்பின்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம். மட்கார்டு போன்ற பகுதி இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைந்தது. கரூரில் கட்டும் பேருந்துக் கூடுகளிலும் நாமக்கல் பக்கம் கட்டும் லாரிப் பெட்டிகளிலும் பெரும்பாலான தகடு ஒரு திசையில் மட்டும் மடிவதோ வளைவதோதான்; காகிதத்தைச் சுருட்டுவதுபோல அதற்குத் தகட்டின் பரப்பு மாற வேண்டியதில்லை. இரட்டை வளைவுக்கோ, ஓரிடத்தில் தகடு நீள வேண்டும், அல்லது வேறோரிடத்தில் குறுக வேண்டும், பெரும்பாலும் இரண்டும் நடக்க வேண்டும். இந்தத் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு கருவியும், கையேட்டின் பதினாறு பக்கமும், நீட்டுவதைப் பற்றியவை மட்டுமே. குறுக்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கான கருவியும் இல்லை. தொழிலில் பாதியை வெளியே விட்டுவிட்டுத்தான் ‘முழுமையான தொகுப்பு’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அதன் விளைவு என் முதல் துண்டில் தெரிந்தது. 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. கனமுள்ள சி.ஆர். (சூடாக்காமல் உருட்டிய எஃகு) தகட்டைக் கையேட்டில் சொன்னபடியே பையின்மேல் வைத்து, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்தேன். நடுப்பகுதி பணியாரக்கல்லின் குழிபோல இறங்கிக்கொண்டே போனது; ஓரங்களோ அப்பளம் போல அலையடித்தன. அலையை அமுக்க நடுவை இன்னும் நீட்டினேன். தகடு மெலிந்து, அடிபட்டு விறைத்து, ஒரு கட்டத்துக்குமேல் எதற்கும் மசியவில்லை. மட்கார்டின்மேல் வைத்துப் பார்த்தபோது நடுவில் தொட்டது, ஓரம் எல்லாப் பக்கமும் விலகி நின்றது.

தீர்வு கிடைத்தது அனுப்பர்பாளையத்தில். திருப்பூரை ஒட்டிய அந்த ஊரில் தலைமுறைகளாகப் பித்தளை, செம்புப் பாத்திரம் செய்கிறார்கள் என்பதால், யாராவது வழி சொல்லக்கூடும் என்று என் கோணல் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அடிச்சுப் பெருக்கறத ஆரு வேணாலும் பண்ணீரலாம் தம்பி. பானை வாயைப் பாருங்க. அங்க பெருக்குனா வேலைக்காகுமா? குறுக்கோணும்ங்க” என்றார். விரிந்த வயிற்றிலிருந்து வாயை நோக்கி வரவர, அதே செம்பு சின்னச் சுற்றளவுக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் மிஞ்சுவதை மடிப்பாக எழுப்பி, அந்த மடிப்பை நுனியிலிருந்து உள்ளே அடித்துச் செலுத்தித் தகட்டின் கனமாக மாற்ற வேண்டும். இதை அவர் ஒரு செம்புத் துண்டில் செய்துகாட்டியது ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தின் விலை கையேட்டைவிட அதிகம்.

எஃகுத் தகட்டில் இதைச் செய்வதற்கு மடிப்புக் கவை ஒன்று வேண்டும். 10 மி.மீ. கம்பிகள் இரண்டை லேத்தில் கொடுத்து முனைநோக்கிக் கூம்பாகக் கடைந்து, வழவழப்பாக்கி, இடையில் தகடு நுழையும் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பற்றவைத்துக்கொண்டேன். கூலியோடு 350 ரூபாய் ஆனது. கவையை வைஸில் இறுக்கி, தகட்டின் ஓரத்தை இரு கம்பிகளுக்கு நடுவே விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருகினால், ஓரத்தில் கூடாரம்போல ஒரு மடிப்பு எழும்புகிறது. அதைக் கட்டையின்மேல் வைத்து, முதலில் ஓரத்தின் வாயை அடித்து மூட வேண்டும். வாய் மூடியபின், உள்ளே சிக்கிய மேட்டுக்கு வெளியே ஓட வழியில்லை. அதை நுனியிலிருந்து ஓரம்நோக்கிக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது தகடு தன்மேலேயே ஒடுங்குகிறது. அவசரப்பட்டு மடிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துவிட்டால் அங்கே விரிசல் நிச்சயம். எனக்கு இரண்டு துண்டுகள் அப்படிப் போயின. மூன்றாவதில் எட்டு மடிப்புகளை இறக்கி முடித்தபோது, நடுவில் ஒரு அடிகூட அடிக்காமலேயே தகடு கிண்ணம்போலக் குழிந்து நின்றது. விளிம்பை நுண்ணளவியால் (மைக்ரோமீட்டர்) அளந்தேன்: 0.9 ஆக இருந்தது 1.1 மி.மீ. ஆகியிருந்தது.

எங்கே நீட்டுவது, எங்கே குறுக்குவது என்று முன்கூட்டியே அறிவதற்கும் ஒரு எளிய வழி உண்டு. அதையும் கையேடு சொல்லவில்லை. நல்ல பக்கத்து மட்கார்டின்மேல் ஒரு காகிதத்தை அழுத்திப் பரப்பினால், மேட்டு வளைவில் காகிதத்தின் ஓரம் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் விழும் இடமே தகடு குறுக வேண்டிய இடம். குதிரைச் சேணம்போல வளைந்த இடத்திலோ காகிதத்தின் ஓரம் எட்டாமல் இழுபட்டுக் கிழியப் பார்க்கும். அங்கே ஓரம் நீள வேண்டும். நான் சக்கர வளைவின் விளிம்பை இப்படித்தான் கண்டுகொண்டேன். டாலியில் வைத்து நேர் அடியால் அந்த விளிம்பை நீட்டியபோது, தொகுப்புக்குக் கொடுத்த பணத்துக்கு முதன்முறையாகப் பொருள் கிடைத்தது.

எஃகில் கைவைப்பதற்குமுன் மென்மையான அலுமினியத் தகட்டில் பழகலாம் என்று கையேடு சொல்வது நல்ல யோசனை. ஆனால் அடிபட்டு விறைத்த அலுமினியத்தைச் சூட்டில் காட்டி இளக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அலுமினியம் இரும்பைப்போலச் சிவக்காது. நிறம் மாறாமலே இருந்து, 660 டிகிரியில் திடீரென்று உருகி விழும். எனவே துணி சோப்பைத் தகட்டில் தேய்த்துவிட்டு, பின்பக்கமிருந்து தீயை நகர்த்திக்கொண்டே காட்டி, சோப்பு கருத்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

துண்டை மட்கார்டோடு இணைக்கும் வேலையை வெளியில் கொடுத்தேன். கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்கின் பற்று கெட்டியாக நின்று, பிறகு அடித்தால் மசிவதில்லை என்பதால், ஓரத்தோடு ஓரம் இடைவெளியின்றிப் பொருத்தி, டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் டிக் வெல்டிங் செய்யச் சொன்னேன். பற்றவைத்த கோடு ஆறும்போது சுருங்கி, இருபுறத் தகட்டையும் உள்ளே இழுத்துப் பள்ளமாக்கும். அந்தக் கோட்டின்மேல் மட்டும் டாலியை வைத்து நேர் அடி அடித்து, சுருங்கிய அளவு நீட்டிவிட்டால் பள்ளம் எழும்பிவிடுகிறது. எஃகு டாலிகள் மூன்றும் இங்கே குறையில்லாமல் உழைத்தன.

அதே கடையில் இதற்குத் துணையாக, தகட்டை இரு சக்கரங்களுக்கு நடுவே உருட்டி வளைக்கும் ஒரு சிறிய இங்கிலீஷ் வீலையும் 28,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். கடையிலேயே ஒரு தகட்டை உருட்டிப் பார்த்தேன். மேல் சக்கரத்துக்கும் கீழ்ச் சக்கரத்துக்கும் இடையே அழுத்தம் கூட்டியவுடன், சட்டத்தின் வாய் விரிவது கண்ணுக்கே தெரிந்தது. சட்டம் வளைந்துகொடுத்தால் அழுத்தம் தகட்டுக்குப் போகாது, தகடும் ஒரே சீராக வராது. மேலும் அதுவும் நீட்டும் கருவிதான். அடித்த தகட்டின் தழும்புகளை மழமழப்பாக்குவதில் அது சிறந்தது என்றாலும், குறுக்கத் தெரியாதவருக்கு அது என் முதல் பணியாரக் குழியை இன்னும் வேகமாகச் செய்துகொடுக்கும். வாங்கவில்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில், மாலை நான்கு முதல் ஆறு மணிவரைதான் அடிப்பது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். காதடைப்பான் இல்லாமல் ஒருநாளும் அடிக்கக் கூடாது. வெட்டிய தகட்டின் விளிம்பை அரத்தால் மழுக்காமல் கையில் எடுப்பதும் கூடாது. தொகுப்பில் ஒரு ஜோடி கையுறைகூட வைக்கவில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? பழகிய டிங்கருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகளும், வீணாக்கப் பத்துப் பன்னிரண்டு தகட்டுத் துண்டுகளும் உள்ள புதியவருக்கு, எஃகு டாலிகளும் கொட்டாப்புளியும் சுத்தியல்களும் ஆயுளுக்கும் நிற்கும். இந்த மூன்றை மட்டும் 7,000 ரூபாய்க்குத் தருவார்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். கேட்டுப்பார்த்தேன், பிரித்துத் தருவதில்லையாம். வாங்கியே தீர்வதென்றால், கடையிலேயே நான்கு டாலிகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு முகத்தையும் நகத்தால் தடவிப் பார்த்தபின் பணம் கொடுக்கவும்.

என் மட்கார்டில் இப்போது பிரைமர் அடித்தாகிவிட்டது. சாய்வான வெயிலில் பார்த்தால், சக்கர வளைவுக்கு மேலே நான்கு விரல் தள்ளி ஒரு மெல்லிய பள்ளம் இன்னும் தெரிகிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் பட்டி வைத்தேன், காகிதக் கனத்துக்கு.