‘டீக்கப் பொமரேனியன்’ வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் போடும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் ஒரு குடும்பம் இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து 45,000 ரூபாய்க்கு ஒரு பொமரேனியன் குட்டி வாங்கியது. “அக்கா, இது டீக்கப் சைஸ். இதுக்கு மேல வளரவே வளராது. 45 நாள் குட்டி, ஊசியெல்லாம் போட்டாச்சு. கே.சி.ஐ. பேப்பர் ரெண்டு மாசத்துல கூரியர்ல வந்துரும்” என்றார் விற்றவர். முழுப் பணமும் ஜிபேயில் போன பிறகு, குட்டி ஆம்னி பஸ்ஸில் பிளாஸ்டிக் கூடைக்குள் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்கு வந்து சேர்ந்தது. எடை 380 கிராம். நான்காம் நாள் வாந்தி, அன்றிரவே ரத்தமாகப் பேதி, ஆறாம் நாள் உயிர் போய்விட்டது. விற்றவரைக் கேட்டால், “நீங்க கண்டதையும் கொடுத்திருப்பீங்க” என்று ஒரு பதில்; அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அந்த வீட்டார் கண்டதையும் கொடுக்கவில்லை. குட்டி கூடையில் ஏறும்போதே அதன் முடிவு ஏறக்குறைய தீர்மானமாகியிருந்தது. எங்கெங்கே ஏமாற்றினார்கள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் அந்த ‘டீக்கப்’. அப்படி ஓர் இனமும் இல்லை, அளவும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவும் (கே.சி.ஐ.) அதை ஏற்கவில்லை, வெளிநாட்டுக் கென்னல் கிளப்களும் ஏற்கவில்லை. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் வரையறைப்படி வளர்ந்த பொமரேனியனின் எடை 3 முதல் 7 பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 3.2 கிலோ. அதுவே நாய்களில் மிகச் சிறிய வகையைச் சேர்ந்தது. அதற்கும் கீழே ஒரு அளவு என்று யாராவது சொன்னால், அவர் கையில் இருப்பது வயசு குறைந்த குட்டியாக இருக்கலாம், ஈன்றதிலேயே நோஞ்சானாக இருக்கலாம், அல்லது பொமரேனியனே அல்லாத குட்டியாக இருக்கலாம்.

வயசில்தான் அதிகம் பொய். நாய் வளர்ப்பு, விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 8 வாரம் என்றால் 56 நாள். ஆகவே “45 நாள் குட்டி” என்று அவர் பெருமையாகச் சொன்னதே விதிமீறல். இதில் கொடுமை என்னவென்றால், அந்த 45 நாளும் பொய். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பால் பற்களில் கூரிய கோரைப்பல்லும் முன்பற்களும் 3 முதல் 6 வாரத்துக்குள் வரும். அவற்றுக்குப் பின்னால் கன்னத்துப் பக்கம் வரும் பற்கள் 5, 6 வாரம் வாக்கில் முளைக்கும். 8 வாரத்தில் 28 பால் பற்களும் இருக்க வேண்டும். மிகச் சிறிய இனங்களில் ஒரு வாரம் தள்ளிப்போவது உண்டு. மேல் உதட்டை விரலால் ஒதுக்கிப் பாருங்கள்: கோரைப்பல் ஊசி மாதிரி நுனி காட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் ஈறு வழவழவென்று வெறுமையாக இருந்தால் அது 5 வாரத்துக் குட்டி. கூடவே கண்ணைப் பாருங்கள். கருவிழியில் நீலச் சாம்பல் மங்கல் இன்னும் தெளியாமல் இருப்பதும், நடக்கும்போது பின்கால் சறுக்கி உட்கார்ந்துவிடுவதும் அதே வயசைத்தான் சொல்லும். மதுரைக் குட்டிக்கு இந்த மூன்றும் இருந்தன.

ஏன் இவ்வளவு சீக்கிரம் விற்கிறார்கள்? 5 வாரத்தில் குட்டி பஞ்சு உருண்டையாக இருக்கும், வீடியோவில் அழகாகத் தெரியும். இன்னும் மூன்று வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு, தடுப்பூசிச் செலவு, சாகும் குட்டியின் நஷ்டம் எல்லாம் அவர் தலையில் விழும். அந்த நஷ்டத்தை உங்கள் வீட்டுக்கு மாற்றுவதற்குத்தான் இந்த அவசரம்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. ஒழுங்கான அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள் இருக்கும். அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் போட்ட தேதி, கால்நடை மருத்துவரின் கையெழுத்து, அவரது பதிவு எண், முத்திரை இருக்கும். மதுரைக்கு வந்த அட்டையில் பேனாவால் ‘டன்’ என்று எழுதி ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தது. ரேபிஸ் கட்டத்திலும் டிக். ரேபிஸ் ஊசி வழக்கமாக 3 மாதத்தில்தான் போடப்படும். 45 நாள் குட்டியின் அட்டையில் அது இருந்தால் அட்டையையே நம்பக் கூடாது. உண்மையாகவே ஒரு ஊசி போட்டிருந்தாலும் அது போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அந்த எதிர்ப்பாற்றல் எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி 3–4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று 16 வாரத்துக்கு உட்பட்ட எந்தக் குட்டியைப் பற்றியும் சொல்ல முடியாது.

“நீங்க கண்டதையும் கொடுத்திருப்பீங்க” என்பதற்கும் பதில் உண்டு. குட்டிகளுக்கு இப்படி வாந்தியும் ரத்தப்பேதியும் வரவைக்கும் பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். சில சமயம் 14 நாள் வரை போகும். இதுவரை நாயே வளர்க்காத வீட்டில் நான்காம் நாள் நோய் வெளிப்பட்டால், தொற்று விற்ற இடத்திலோ வழியிலோ வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மலத்தை வைத்துச் செய்யும் உடனடிச் சோதனைக் கிட் கால்நடை மருத்துவமனைகளில் உண்டு, பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். வாந்தி தொடங்கிய அன்றே போய் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கும். “வயிறு சரியில்லை, மோர் கொடுத்துப் பார்ப்போம்” என்று ஒரு நாள் காத்திருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

பஸ் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரைக் கிலோ எடைகூட இல்லாத குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகச் சொற்பம். 3–4 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். எட்டு, ஒன்பது மணி நேரம் பட்டினியும் குளிரும் பயமும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை விழும். தள்ளாடும், தலை ஒரு பக்கம் சாயும், ஈறு வெளிறிச் சில்லென்று இருக்கும், பிறகு வலிப்பு வரும். அப்போது குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்தோ, தேனையோ, கால் டீஸ்பூன் அளவு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றி உடம்போடு அணைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அரை மணியில் மறுபடி விழும். உச்சந்தலையையும் தடவிப் பாருங்கள். எலும்பு சேராமல் மெத்தென்று பெரிய குழி இருந்து, மண்டை உருண்டையாகப் புடைத்து, கண்கள் வெளிப்புறமாகக் கீழ்நோக்கிப் போனால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். ‘டீக்கப்’ என்று தனி விலை வைத்து இப்படிப்பட்ட குட்டிகளையும் விற்றுவிடுகிறார்கள்.

இன்னொரு வகை ஏமாற்றம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். நம்மூரில் ‘பொமரேனியன்’ என்று தலைமுறையாக வளர்க்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். சின்ன வகையே 5–7 கிலோ வரும்; பெரிய வகை 12 கிலோவுக்கு மேலேயும் போகும். 8 வாரப் பொமரேனியன் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் இருக்கும். 5 வார ஸ்பிட்ஸும் கிட்டத்தட்ட அதே எடைதான்; இரண்டுக்கும் மூக்கு குட்டை, காது மடங்கல், உடம்பு முழுக்கப் பஞ்சு. ஆக, வயசைப் பொய் சொன்னால் இனத்தையும் பொய் சொல்லிவிடலாம். இங்கேயும் பல்தான் காட்டிக்கொடுக்கும். ஸ்பிட்ஸ் நம் வெயிலுக்குப் பழகிய, கெட்டியான, புத்திசாலி நாய். அதை வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டிக்கு 45,000 வாங்குவதுதான் மோசடி. ஆனால் ஒன்று: அசல் பொமரேனியனும் 4 மாதம் முதல் 10 மாதம் வரை குட்டி முடியை உதிர்த்து, முகம் நீண்டு நரி மாதிரிதான் தெரியும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு விற்றவரைத் திட்ட வேண்டாம். உயரத்தையும் எடையையும் பாருங்கள்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரே வழி, தாயை நேரில் பார்ப்பது. வீடியோ கால் போதாது. தாயின் மடி தொங்கியிருக்க வேண்டும். குட்டியை விட்டால் அது தேடிப்போய் முட்ட வேண்டும். “அம்மா வேற ஊர்ல இருக்கு” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மாநில விலங்கு நல வாரியத்தில் பெற்ற பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கே.சி.ஐ. பேப்பர் என்றால் குட்டியின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண் அதில் இருக்கும், 15 இலக்கம். மருத்துவரிடம் ஸ்கேனர் வைத்துப் பார்த்து, அந்த எண் பேப்பரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சிப் இல்லாத குட்டிக்குப் ‘பின்னால் வரும் பேப்பர்’ வராது. தாய், தகப்பனின் முழங்கால் சில்லு விலகுகிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பொமரேனியனில் அது பரவலான குறை. மருத்துவர் கையால் தடவியே சொல்லிவிடுவார்.

விற்றவர்கள் போகிற போக்கில் சொல்லும் பராமரிப்பு யோசனைகளும் நாயைக் கெடுக்கும். “பாலும் தயிர் சாதமும் போதும்” என்பார்கள். போதாது, புரதம் பற்றாமல் முடி கொட்டும், பல்லில் காரை கட்டும். 700 கிராம் குட்டிக்கு, சிறு இனக் குட்டிகளுக்கான உலர் தீனி நாளைக்கு 40–45 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து, வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். வளர்ந்து 2.5 கிலோ ஆனதும் 55–65 கிராம், இரண்டு வேளை. “சம்மருக்கு மொட்டை அடிச்சிருங்க” என்பது அதைவிட மோசம். பொமரேனியனுக்கு இரட்டை முடி. அடிமுடியோடு மழித்தால் வெயில் நேரே தோலில் விழும், முடி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் திட்டுத்திட்டாகவே வளரும், சிலவற்றுக்கு வளராமலே போகும். பாதத்தையும் ஆசனவாயைச் சுற்றியும் கத்தரித்தால் போதும். வாரம் மூன்று நாள் தோல்வரை சீப்பு போக வாருங்கள், காதுக்குப் பின்னால் கூடுதல் கவனம். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழல் தளர்ந்து வாத்து கத்துவது போல இருமல் வரும். மார்புப்பட்டைதான் சரி. 7 மாதமாகியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: சாட், விளம்பரம், குட்டியின் வீடியோ, பணம் அனுப்பியதற்கான யூ.டி.ஆர். எண் (பரிவர்த்தனை எண்) எல்லாவற்றையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிளாக் செய்த பிறகு சில மறைந்துவிடும். குட்டி இறந்தால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனைக்கு யோசியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். உடலை ஐஸில் குளிராக வையுங்கள், ஃப்ரீசரில் உறைய விடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். அந்த அறிக்கையும் மருத்துவச் செலவு ரசீதுகளும் உங்கள் பலம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குட்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கெடு 2 வருஷம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிக்கொண்டு குட்டியே அனுப்பாதவர் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பார்வோவில் குட்டி இறந்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். மூலை முடுக்குகளிலும் மண்ணிலும் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணப் பினாயிலுக்குச் சாகாது. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகு வீட்டு உபயோக பிளீச்சை 1 லிட்டர் தண்ணீருக்கு 30–35 மில்லி கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். படுக்கை, கூடை, மரப்பொருள்களை எறிந்துவிடுங்கள். அடுத்து வருவது 16 வார ஊசி வரை முடித்த நாயாக இருக்கட்டும்.