ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக்: வடசென்னையில் வண்டி கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய கார்களுக்கு டிஸ்க் பிரேக், முன்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் மாற்றித் தருகிறோம் என்று வடசென்னையில் ஒரு ஷெட் ஜோராக ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயர் வேண்டாம். ஆனால் என் வண்டியில் அவர்கள் செய்துவைத்திருந்த வேலையை விவரமாகவே சொல்லிவிடுகிறேன். வேறு ஷெட்டில் கொடுப்பவர்களுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961இலிருந்து நம்ம மதராஸிலேயே தயாரான கார். மாமனார் வைத்திருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. 948 சிசி எஞ்சின், நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் மூடிய உருளையின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கிற பழைய வகை. அந்தக் காலத்து மவுண்ட் ரோடுக்கு அது தாராளம். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போகிற கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றால் தாராளம் இல்லை. மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் ட்ரம் நனைந்துபோய், கொஞ்ச தூரத்துக்கு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

டிஸ்க் போடுவது ஒன்றும் விபரீத ஆசையில்லை. இங்கிலாந்தில் நம்ம வண்டிக்கு மூலமான ட்ரயம்ஃப் ஹெரால்டிலேயே பின்னாளில் முன்சக்கர டிஸ்க் வந்துவிட்டது. அதே அடிச்சட்டத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1962இல் முதல் வண்டியிலிருந்தே டிஸ்க்தான். அந்த கிர்லிங் கம்பெனி காலிப்பர் (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிப்பது), டிஸ்க், வெர்டிகல் லிங்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) எல்லாம் இன்றும் அங்கிருந்து வரவழைக்கலாம். ஷெட்காரர் சொன்னதும் அதைத்தான். "ஒரிஜினல் கிர்லிங் செட்டு சார், லண்டன்லேர்ந்து வருது. மாட்டிட்டோம்னா புது வண்டி கணக்கா நிக்கும்." மொத்தம் 95,000 ரூபாய் பேசி, 60,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். ரசீது என்று கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டு: 'பிரேக் + சஸ்பென்ஷன் ஒர்க்'. அவ்வளவுதான்.

வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. அடியெல்லாம் கறுப்பு பெயிண்ட், காலிப்பருக்குச் சிவப்பு. மணலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் பெடல் பாதி தூரம் சும்மா இறங்குகிறது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. கொஞ்ச நேரத்தில் வலது முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வேறு. போன் போட்டுக் கேட்டால், "புது பேடு சார், செட் ஆகணும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா சரியாயிடும்" என்கிறார். பேட், அதாவது டிஸ்க்கில் அழுத்தித் தேயும் கட்டை, செட் ஆக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பெடல் பாதிக்கு இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

எங்கள் தெருவில் எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் சாயும். ஜாக்கி போடாமலே முன்சக்கர வேலை முழுவதையும் பார்த்துவிடலாம். அவர் பழைய பனியன் துணியைத் தின்னரில் நனைத்து, காலிப்பர் போல்ட் ஒன்றின் தலையில் பெயிண்ட் போகும்வரை தேய்த்தார். வெறும் தலை, ஒரு எழுத்து இல்லை. "தம்பி, இங்க போல்ட்டோட பலத்தைச் சொல்ற 8.8னாவது 10.9னாவது நம்பர் இருக்கணும். இது கேட்டு கீலுக்குப் போடறது. இதுலயா காலிப்பரைத் தொங்கவிட்டு வச்சிருக்கான்?"

அதன் பிறகு தோண்டத் தோண்ட வந்தது. காலிப்பர் கிர்லிங் இல்லை, மாருதி 800இல் இருந்து கழற்றிய பழசு. அதை மாட்டுவதற்கு கேஸ் கட்டிங்கில் வெட்டிய இரும்புத் தகடு. வெட்டிய விளிம்பைக்கூட ராவி எடுக்கவில்லை. மாருதி 800க்கு வீல் போல்ட் வட்டம் 114.3 மி.மீ., ஹெரால்டுக்கு 95.25 மி.மீ. அதனால் டிஸ்க்கில் கை ட்ரில்லால் புதுத் துளை போட்டிருக்கிறார்கள். துளை துளியளவு விலகினாலும் டிஸ்க் நடுவில் உட்காராது. ஸ்டியரிங் உதறியது அதனால். வலது பக்கப் பிஸ்டனில் ரப்பர் கிழிந்து, துருவேறி, பிடித்த பிடியை விடாமல் இருந்தது. தீய்ந்த வாடைக்கு அதுதான் காரணம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே இல்லை. ட்ரம்மின் சின்ன வீல் சிலிண்டருக்கு அளந்து செய்தது, காலிப்பரின் பெரிய பிஸ்டனைத் தள்ளப் போதுமான ஆயிலை அனுப்பாது. பெடல் இறங்காமல் என்ன செய்யும்?

பிரேக் லைனில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் போடுகிற செப்புக் குழாயைப் பார்த்ததும் பெரியவர் பேசவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். பிரேக்குக்கு ஸ்டீல் குழாய் அல்லது செம்பும் நிக்கலும் கலந்த குழாய், முனையை இரட்டையாக மடித்து விரித்தது வேண்டும். வெறும் செம்பு அதிர்வில் வெடிப்பு விடும். ரப்பர் ஹோஸும் குட்டை. ஹெரால்டு கிட்டத்தட்ட 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், முன்சக்கரம் அந்த அளவுக்கு மடங்கும். முழுசாக ஒடித்தால் ஹோஸ் விறைத்துப்போய் டயரில் உரசுகிறது. ஏற்கனவே தேய்ந்த தடம் இருந்தது.

சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டியிருந்தார்கள். கீழ்க்கையின் பிராக்கெட்டுக்குப் பின்னால் கேம்பருக்காக (சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்ய) வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைக் காணோம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது ட்ரன்னியன்தான். வெர்டிகல் லிங்க்கின் அடி முனை மரையாக ஒரு பித்தளைத் துண்டுக்குள் இறங்கியிருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்கு கியர் ஆயில், 90 நம்பர், விட வேண்டும். கிரீஸ் போட்டால் மரைக்குள் முழுசாகப் போகாது, நாளடைவில் கட்டியாகிவிடும். உள்ளே தண்ணீர் இறங்கித் துருவேறி, ஒருநாள் லிங்க் படக்கென்று முறிந்து சக்கரம் உள்ளே மடங்கும். கடல் காற்றும் தேங்கிய தண்ணீருமாக இருக்கும் நம்ம ஏரியாவில் கேட்கவே வேண்டாம். அதில் கிரீஸ் கன் வைத்து அடைத்து, வழிந்ததைத் துடைத்து, மேலே பெயிண்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நேரில் போய்க் கேட்டேன். "சரி, கிர்லிங் இல்ல. என் பழைய ட்ரம், அதுக்குப் பின்னாடி இருக்கிற பேக் பிளேட்டையாவது குடுங்க."

"அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு சார். ட்ரம்மை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி போட்டால் 18 பர்சென்ட் ஏறிவிடும், நஷ்டம் எனக்குத்தான் என்று பாடம் நடத்தினார். காப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார், அதுதான் இன்னும் எரிகிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஷெட்டில் எதையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிவிட்டால் சாட்சியும் போய்விடும். முதலில் போட்டோ, அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை. ஜிபே பதிவும் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜும் பத்திரமாக இருக்கட்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். 2019 சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்; நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நானே எழுதித்தான் கொடுத்தேன்.

இனிமேல் கொடுப்பவர்கள் பெயிண்ட் அடிக்கும் முன் வேலையைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் எது போடுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். கழற்றிய பழைய சாமான் அன்றைக்கே உங்கள் டிக்கியில் ஏற வேண்டும்.

என் வண்டி இப்போது முன்பக்கம் கட்டை கொடுத்து நிற்கிறது. புதுப்பேட்டையிலோ மூலக்கடைப் பக்கமோ ஹெரால்டின் முன் ட்ரம் பேக் பிளேட் ஜோடி கண்ணில் பட்டால் சொல்லுங்கள். வலது பக்கத்துத் தட்டின் பின்புறம் பித்தளைப் பற்று வைத்து அடைத்த துளை ஒன்று இருந்தால் அது என்னுடையதுதான். விலை பேசாமல் முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.