வாசிக்காத டப்பையும் வாசிச்சனெண்டு சொல்லுற பிரவுசர்

கூடப் படிச்சவன் ஒருத்தன் வட்ஸ்அப்பில கேட்டிருந்தான்: "மச்சான், உந்த ஏஐ பிரவுசரை நீ கன நாளாய்ப் பாவிக்கிறாய் தானே. மாசக் காசு கட்டி எடுக்கலாமோ?" ரெண்டு வரியில மறுமொழி போடுவமெண்டு தொடங்கினது நீண்டு போச்சு. அதால இஞ்ச எழுதுறன்.

ஏஐ பிரவுசரெண்டால், திறந்திருக்கிற டப்புகளை (பக்கங்களை) ஏஐ தானே வாசிச்சு மறுமொழி சொல்லுற பிரவுசர். நான் பாவிக்கிறதின்ர பேரைச் சொல்லேல்லை. உந்தக் குணம் ஒண்டில மட்டும் இருக்கெண்டு நினைக்கேல்லை, பிறகேன் ஒருத்தரை மட்டும் இழுப்பான்? விலையைப் பற்றி மட்டும் ஒரு வசனம். 2025 யூலையில பெர்பிளெக்சிற்றி கொம்பனியின்ர கொமெட் எண்ட ஏஐ பிரவுசர் வரேக்க மாசம் 200 டொலர் கட்டுற ஆக்களுக்குத்தான் முதல்ல குடுத்தவை. ஒக்டோபரில எல்லாருக்கும் சும்மா விட்டுட்டினம். மைக்ரோசொஃப்டின்ர எட்ஜ் பிரவுசரில இருக்கிற கோபைலட் மோட் எண்ட ஏஐ வசதியும் அதே யூலையிலதான் வந்தது. திறந்திருக்கிற டப்புகளைச் சேர்த்துப் பார்த்து மறுமொழி சொல்லுற வேலையை இப்ப காசில்லாமலே செய்விக்கலாம்.

எனக்குக் கொக்குவில்ல ஒரு சின்னக் கொமினிகேசன். கொப்பி அடிக்கிறது, ஒன்லைன் விண்ணப்பம் போடுறது, இதுதான் தொழில். ஏஎல் முடிச்சுப்போட்டு நிக்கிற பிள்ளையளும் தாய்மாரும் வருவினம். "தம்பி, இவளுக்குப் போடக்கூடிய வேலை ஏதும் வந்திருக்கோ பாரும்" எண்டு கதை தொடங்கும். வெள்ளிக்கிழமை வர்த்தமானிக்கு ஒரு டப், திணைக்கள அறிவித்தலுக்கு ஒண்டு, மாகாணத்துக்கு ஒண்டு, தொழிற்பயிற்சிக் கற்கைநெறியளுக்கு ரெண்டு மூண்டு. முந்தி உதுகளைத் தட்டித் தட்டி வாசிச்சுக் கடுதாசியில எழுதிக் குடுக்கவே அரை நாள் போயிடும், பின்னால வரிசை நிக்கும்.

இப்ப டப்புகளைத் திறந்து வைச்சுப்போட்டு இதை ஒட்டிவிடுறன்:

"திறந்திருக்கிற டப்புகளை மட்டும் பார். வெளியில் தேடாதே. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு வரி: வயதெல்லை, கல்வித் தகைமை, விண்ணப்ப முடிவுத் திகதி. எந்த டப்பில் எடுத்தாய் என்று பக்கத்தில் எழுது. அறிவித்தலில் இல்லாததுக்கு 'இல்லை' என்று போடு."

வித்தை ஒண்டுமில்லை. "இதைச் சுருக்கித் தா" எண்டு கேட்டால் கட்டுரை எழுதித் தரும், அது ஆருக்கு வேணும்? என்ன நிரல் வேணும், எங்க பார்க்கவேணும், இல்லாட்டி என்ன செய்யவேணும். இந்த மூண்டையும் சொன்னால் அட்டவணை வடிவாய் வரும். இங்கிலிசில பத்துப் பக்கம் போற அறிவித்தலைத் தமிழில நாலு நிரலாக்கி பிரிண்ட் அடிச்சுக் குடுக்கேக்க, உண்மையாய்ச் சொல்லுறன், எனக்கே சந்தோசம். ஏஎல்லில கணிதமா கலையா எண்டதை முதல் வரியில போட்டுவிட்டால் பொருந்தாததுகளைத் தானே கழிச்சும் விடும்.

இனித்தான் விசர் பிடிக்கிற பகுதி.

எங்கட அரச அறிவித்தல்களில கனக்க இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில அடிச்ச பிடிஎஃப். கண்ணுக்குத் தமிழ். உள்ள கிடக்கிறது இங்கிலிஸ் எழுத்துகள். எழுத்துருதான் அதுக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறையில தமிழ் 1991 இலேயே வந்திட்டுது, ஆனால் கந்தோர்க் கொம்பியூட்டர் சிலதுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரேல்லை. பக்கத்தின்ர எழுத்தை எடுத்து வாசிக்கிற ஏஐக்கு அது வெறும் குப்பை. சரி, "உது எனக்கு விளங்கேல்லை" எண்டு சொல்லலாம் தானே? சொல்லாது. பாடமாக்காமல் பரீட்சைக்குப் போன பெடியன் வெறுந்தாள் குடுக்க வெக்கப்பட்டு எழுதுற மாதிரி, எல்லா நிரலையும் நிரப்பித் தந்துபோட்டு இருக்கும்.

இதில ஒரு நுட்பம் கிடக்கு. பாமினியில எழுத்துத்தான் மாறும், இலக்கம் மாறாது. 18 எண்டால் உள்ளயும் 18 தான். அதால அது தாற திகதியள் அனேகமாய் அந்த அறிவித்தலில உண்மையாய் இருக்கிற திகதியள். எது எதுக்கெண்டதுதான் அதுக்குத் தெரியாது. சுழிபுரத்தில இருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தினம். அட்டவணையில ஒரு பதவிக்கு முடிவுத் திகதி அடுத்த மாசக் கடைசி எண்டு கிடந்தது. பிள்ளை கெட்டிக்காரி, அறிவித்தலையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிலில இருந்து வாசிச்சவள். "அண்ணா, இது நேர்முகப் பரீட்சைத் திகதி. விண்ணப்பம் வாற புதனோட முடியுது" எண்டாள். முழுப் பொய்யெண்டால் பார்த்த உடனை பிடிச்சிடலாம். அறிவித்தலில இருக்கிற திகதியையே இடம் மாத்தி வைச்சால் ஆர் சந்தேகப்படுவினம்? தாய் என்னைப் பார்த்த பார்வையை அந்தப் பிரவுசர் செய்தவனுக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்பியிருப்பன்.

அதுக்குப் பிறகு ரெண்டு வரி கூட்டினன். "வாசிக்க முடியாத டப் எது என்று முதலில் சொல்லு. ஒவ்வொரு திகதிக்கும் அது வந்த வசனத்தை அப்படியே எடுத்துக் காட்டு." ரெண்டாவது வரிதான் மருந்து. வசனத்தைக் காட்டச் சொன்னால் பாமினி டப்பில இருந்து இங்கிலிஸ் எழுத்துக் கந்தறகோளம் ஒண்டு வந்து விழும், குட்டு வெளிச்சிடும். சிலவேளை வசனத்தையும் தானே சோடிச்சுத் தரும். அதால கண்ட்ரோல் எஃப் (பக்கத்துக்குள்ள தேடுற விசை) அடிச்சு அந்த வசனம் பக்கத்தில இருக்கோ எண்டு பார்க்கிறது என்ர கைப்பழக்கமாய்ப் போச்சு. ஸ்கான் பண்ணிப் போட்ட அறிவித்தலிலயும் இதே கூத்து. அது படம், எழுத்தே இல்லை. அறிவித்தல் இங்கிலிசிலயும் இருந்தால் அந்த டப்பைத் திறந்து வைச்சு, மறுமொழியைத் தமிழில கேட்கிறது சுகம்.

சின்னக் கரைச்சல்களும் இருக்கு. கன நேரம் தொடாத டப்பைப் பிரவுசர் மெமரி மிச்சம் பிடிக்க நித்திரையாக்கிப்போடும். மேல தலைப்புத் தெரியும், உள்ள ஒண்டும் இராது. கேட்க முதல் ஒவ்வொரு டப்பையும் ஒருக்கால் அமத்திவிடவேணும். தமிழ் வசனத்தை உதுகள் இங்கிலிசைவிடக் கூடத் துண்டாய் உடைச்சுத்தான் வாசிக்கும், அதால நீட்டுத் தமிழ்ப் பக்கமெண்டால் அது ஒரே தடவையில வாசிக்கக்கூடிய கொள்ளளவு கெதியாய் நிரம்பிடும். கடைசி டப்பை அரைகுறையாய்த்தான் பார்க்கும். நாலைஞ்சு டப்போட நிப்பாட்டுறது நல்லம்.

வங்கி டப்பை மட்டும் பக்கத்தில திறந்து வைச்சிராதேங்கோ. வேறொரு வலைப்பக்கத்தில கண்ணுக்குத் தெரியாமல் ஒளிச்சு எழுதின வசனத்தையும் ஏஐ கட்டளையெண்டு எடுத்து, வங்கி டப்பிலயும் கை வைக்கக்கூடும். 2025 ஓகஸ்டில பிரேவ் எண்ட இன்னொரு பிரவுசர் செய்யிற ஆக்கள் கொமெட்டில இப்பிடி ஓட்டை இருக்கெண்டு விளக்கமாய் எழுதினவை. மற்றாக்களின்ர அடையாள அட்டை இலக்கம் தட்டுற என்னை மாதிரிக் கடைக்காரருக்கு உது சும்மா விசயமில்லை. நான் விண்ணப்பம் நிரப்புறது வேற பிரவுசரில.

மச்சான், இவ்வளவு புகழ்ந்தும் ஐஞ்சுக்கு ரெண்டரைதான் போடுவன். நாளைக்கு உது நிண்டால் கடையில வேலை ஓடாது, அது வேற கதை. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்ல மாட்டாத ஒண்டுக்கு நான் மாசாமாசம் காசு கட்ட மாட்டன். கட்டினாலும் அந்தக் குணம் போகுமெண்டு ஆரும் சொல்லேல்லை. சும்மா கிடைக்கிறதில ஒண்டை இறக்கு. மேல சொன்ன ப்ரொம்ப்டை (ஏஐக்கு ஒட்டிவிடுற கட்டளையை) இண்டைக்குப் பின்னேரம் அனுப்பிவிடுறன், வயதெல்லை இருக்கிற இடத்தில உனக்கு வேண்டிய நிரலைப் போட்டுக்கொள்.