கூடி வாசிக்கிற சபைக்கு எந்த வேதாகமம், எந்தப் பாட்டுப் புத்தகம்?

வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் ஜெபக்கூட்டத்தில் ஒரு சிக்கல் வாராவாரம் வரும். நடத்துகிறவர் சங்கீதம் 23 என்பார். பாட்டியின் கையில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. வேறு சபையிலிருந்து வந்த மருமகளின் கையில் திருவிவிலியம். பேரனின் கையில் போன். ஒருவர் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கும்போதே அடுத்தவர் "ஆண்டவரே என் ஆயர்" என்கிறார். பேரனோ எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். ஆறே வசனம் உள்ள சங்கீதம், நாலாவது வசனத்துக்குள் அறுந்துவிடுகிறது.

சென்னையில் ஒரு சபையோ, பெண்கள் ஐக்கிய சங்கமோ, வாலிபர் சங்கமோ பொதுப் பணத்தில் புத்தகம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த மதிப்பீடு. தனியே உட்கார்ந்து படிக்க நல்ல புத்தகம் வேறு, பத்துப் பேர் நடுவில் சத்தமாக வாசிக்க நல்ல புத்தகம் வேறு. சபைக்கு வேண்டியது இரண்டாவது வகை. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த அளவுகோலில்தான் பார்த்திருக்கிறோம்.

முதலில் வேதாகமம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் புழங்குவது ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வந்த மொழிபெயர்ப்பு. அதற்கு அடித்தளம் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரியான பப்ரிசியுஸ் ஐயர் போட்டது. புதுச்சேரியிலிருந்து 1761-இல் கைப்பற்றிக் கொண்டுவரப்பட்ட அச்சகம் அவர் பொறுப்பில் வேப்பேரியில் இயங்கியது, அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. இந்த வரலாறு தெரிந்தால் ஒன்று விளங்கும். அது அன்றைய சபைகளில் வாசித்து வாசித்துக் காதுக்குப் பழகி, அதன்பின் திருத்தப்பட்ட நடை. அதனால்தான் "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்ற வரியை ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்தாலும் கடைசி பெஞ்சு வரை போகிறது. மலைப்பிரசங்கத்தில் "பாக்கியவான்கள், பாக்கியவான்கள்" என்று அடுக்கிக்கொண்டே போகும் ஓட்டமும் அப்படித்தான். மனப்பாட வசனத்துக்கு இதற்கு இணை இன்னும் வரவில்லை என்பதே எங்கள் கருத்து.

குறை எங்கே என்றால், சொற்கள் பொருள் மாறிவிட்டன. "நான் தாழ்ச்சியடையேன்" என்பதைக் கேட்கும் கல்லூரிப் பிள்ளை, தனக்கு அவமானம் வராது என்று புரிந்துகொள்கிறது. எனக்கு எந்தக் குறைவும் வராது என்பதே அதன் பொருள். கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "எனக்கேதும் குறையில்லை" என்று நேராகச் சொல்லிவிடுகிறது. கலாத்தியர், எபிரெயர் போன்ற நிருபங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பழைய மொழிபெயர்ப்பில் நீண்ட வாக்கியத்தின் எழுவாயைத் தேடுவதற்குள் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். புதியதில் வாக்கியங்கள் உடைந்து, மேலே சிறுதலைப்பும் இருக்கும்.

ஆகவே ஒன்றைத் தள்ளி ஒன்றை வாங்க வேண்டியதில்லை. பிரசங்க பீடத்துக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் பழையது. வீட்டுக் கூட்டத்திலும் பழையதையே ஒருவர் முழுப்பகுதியாக வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் அதே பகுதியைத் திருவிவிலியத்திலிருந்து இன்னொருவர் வாசிக்கட்டும். வசனத்துக்கு வசனம் மாற்றி மாற்றி வாசித்தால் இரண்டும் கெடும். பன்னிரண்டு பேர் கூடும் குழுவுக்குப் பழையதில் எட்டும் திருவிவிலியத்தில் இரண்டும் போதும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது தடுமாற்றம் தருவது புத்தகப் பெயர்கள். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம். உபாகமம் இணைச் சட்டம். பிரசங்கி சபை உரையாளர். சங்கீதம் திருப்பாடல்கள். அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடு. கத்தோலிக்கர் பழைய ஏற்பாட்டோடு சேர்த்து வாசிக்கும் இணைத்திருமுறை நூல்கள் சேர்ந்த பதிப்பானால் 66 நூல்களுக்குப் பதில் 73 இருக்கும், பக்க எண் சொல்லித் தேடவும் முடியாது. அரைத்தாளில் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே அச்சடித்து, ஒவ்வொரு பிரதியின் முன்னட்டை உள்பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். செல்லோ டேப் வேண்டாம், ஒரு கோடைக்குள் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மைதாப் பசையும் வேண்டாம், பூச்சியை அழைக்கும். பெவிகால் மெல்லியதாகத் தடவினால் போதும்.

ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பக்கமாகத் தமிழும் ஆங்கிலமும் உள்ள இருமொழிப் பதிப்பு நல்ல துணை. ஆனால் கனம் அதிகம். நின்றுகொண்டு ஒரு கையில் பிடித்து வாசிக்க முடியாது. திடப்படுத்தல் வகுப்பில் (முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளைத் தயாராக்கும் வகுப்பு) மேசையில் வைத்துப் படிக்க இரண்டு வாங்கி வைக்கலாம், எல்லாருக்கும் வேண்டியதில்லை.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் மூன்று சோதனை. ஒன்று, நாளாகமம் முதல் புத்தகத்தின் வம்ச அட்டவணையைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து வாசியுங்கள். பெயர்கள் நெருக்கமாக வரும் அந்தப் பக்கம் தெளிவாக இருந்தால் மற்ற எல்லாப் பக்கமும் தெளிவாக இருக்கும். சங்கீதப் பக்கத்தில் வெள்ளிடம் அதிகம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு, ஒரே ஒரு தாளை உயர்த்தி, பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். வேதாகமத் தாள் மெல்லியதாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக் கூட்டத்தில் டியூப் லைட்டுக்கு முதுகு காட்டி உட்காருகிறவர்கள் உண்டு. பின் எழுத்து நிழலாடினால் அறுபது வயதுக்காரர் வாசிக்கவே மாட்டார், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார், புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். மூன்று, முதுகுப் பக்கம் தையல் போட்டதா, பசை மட்டும் ஒட்டியதா என்று பாருங்கள். பசை மட்டும் என்றால் ஆதியாகமத்திலும் வெளிப்படுத்தலிலும் புத்தகம் விரிந்து நிற்காது, அழுத்தினால் தாள் கழன்றுவிடும்.

தங்க விளிம்பும் ஜிப் உறையும் பரிசுக்கு அழகு. சபை அலமாரிக்கு இரண்டும் வேண்டாம். ஈரக்காற்றில் விளிம்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஜிப் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், மார்கழி முடிவதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். அந்தப் பணத்தைப் பெரிய எழுத்துப் பதிப்புக்குப் போடுங்கள். பத்துப் பிரதி வாங்கும் இடத்தில் நான்கு பிரதியாவது பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். போனில் வாசிப்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. கூட்டம் தொடங்கும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டு, இணையம் இல்லாமல் திறக்கும் செயலியை வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

அடுத்தது பாட்டுப் புத்தகம். பாமாலை என்பது மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு. கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு வருவது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கொடுத்த சொத்து அது. திருமணங்களில் முடிவில் பாடும் "சீரேசு நாதனுக்கு ஜெயமங்களம்" அவருடையதுதான். இரண்டும் ஒரே அட்டைக்குள் வரும் பதிப்புகள் உண்டு, கைப்பையில் வைக்க வசதி. ஆனால் அச்சு சிறுத்துவிடுகிறது. கூட்டாகப் பாடும்போது ஒரு புத்தகத்தை இருவர் பிடித்துப் பார்ப்பார்கள். அந்தத் தூரத்தில் சிறிய எழுத்து வேலைக்கு ஆகாது. தனித்தனிப் புத்தகமே எங்கள் தேர்வு.

பாட்டு எண் சபைக்குச் சபை, பதிப்புக்குப் பதிப்பு மாறும். எண்ணை மட்டும் அறிவித்துவிட்டு கீபோர்டு தொடங்கினால் பாதிப் பேர் வேறு பாட்டைத் திறந்திருப்பார்கள். முதலடியைச் சொல்லி, பிறகு எண்ணைச் சொல்லுங்கள். புதிய பதிப்பு வாங்கும் சபை ஒரே தடவையில் மொத்தமாக மாற்ற வேண்டும். பழையது இருபது, புதியது இருபது என்று கலந்தால் குழப்பம் ஆண்டுக்கணக்கில் போகும்.

கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும் அச்சில் இருக்கும், சுருதி இருக்காது. பல்லவியைப் பாடிப் பார்த்துச் சுருதி வைப்பதால்தான் சரணத்தில் குரல் உடைகிறது. சரணத்தின் மிக உயர்ந்த வரியை முதலில் பாடிப் பாருங்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து அந்த வரியை இரைச்சல் இல்லாமல் தொட முடிந்தால் அதுவே சபைக்கான சுருதி. அதை ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று கட்டைக் கணக்கில் கொயர் பிரதியில் பென்சிலால் குறித்து வையுங்கள், கீபோர்டு வாசிப்பவர் மாறினாலும் பாட்டு மாறாது. திரையில் காட்டும் சபைகளில் இன்னொரு தவறு நடக்கிறது. சரணம் வந்ததும் பல்லவி மறைந்துவிடுகிறது, திரும்ப எடுக்கும்போது புதிதாக வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். ஒவ்வொரு சரணத்தின் அடியிலும் பல்லவி ஒரு வரி இருக்கட்டும்.

இனி, அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டியதும் பெரும்பாலும் திறக்கப்படாததுமான புத்தகம்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். ஜான் பன்யனின் 1678-ஆம் ஆண்டுக் கதையை வைத்து 1894-இல் வந்த தமிழ்க் காப்பியம், ஐந்து பருவங்கள். முதல் பாட்டிலிருந்து தொடங்குகிறவர்கள் பாயிரத்தைத் தாண்டுவதில்லை. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இரட்சணிய சரித படலத்தில் தொடங்குங்கள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் (தவக்காலம்) வாரம் ஒரு மாலை, ஒரு கூட்டத்துக்கு எட்டுப் பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். முதலில் ஒருவர் தாளம் இல்லாமல் ராகமாக நீட்டி விருத்தமாகப் பாடட்டும், பொருள் புரிய வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். பிறகு சந்தி பிரித்து ஒரு தடவை, கடைசியில் மறுபடி விருத்தம். மூன்றாவது தடவையில் பிள்ளைகள்கூட உள்ளே வந்துவிடுவார்கள். தமிழாசிரியர் ஒருவர் சபையில் இருந்தால் பிரித்துச் சொல்லும் பொறுப்பு அவருக்கு. இல்லாவிட்டால் உரையுள்ள பதிப்பாகத் தேடி வாங்குங்கள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு மொழிகளுக்கு நடுவே இதிலிருந்து ஒவ்வொரு பாட்டு பாடினால் அந்த மூன்று மணி நேரத்துக்கு வேறு ஒரு கனம் வருகிறது.

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) உரை இல்லாமல் வேண்டாம். 3,615 பாட்டு, தொடங்கியவர்கள் பயந்து விடுவார்கள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியைப் பரிந்துரைக்கிறோம். பெண் குரல்கள் மாறி மாறிப் பாடப் பொருந்தும் வடிவம் அது. வாலிபர்களுக்கு, பன்யன் கதையின் தமிழாக்கமான மோட்சப் பிரயாணம் உரைநடையில் போதும்.

தினதியானப் புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரை வசனத்தை எடுத்துப்போட்டு ஒரு பக்கம் ஆறுதல் எழுதும் புத்தகத்தைச் சபையின் பெயரில் வாங்காதீர்கள். முழுப்பகுதியையும் வாசிக்கச் சொல்கிறதா, மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உலக முடிவுக்குத் தேதி குறிக்கும் புத்தகமும், காணிக்கைக்கு ஈடாகப் பணம் திரும்பி வரும் என்று எழுதும் புத்தகமும் அலமாரியில் இடம்பெறக் கூடாது. சபை முத்திரை விழுந்த புத்தகத்தை எளிய மக்கள் அப்படியே நம்புகிறார்கள். புத்தகமே இல்லாமலும் தினவாசிப்பு நடக்கும்: நீதிமொழிகள் 31 அதிகாரம், மாதத்தின் தேதிக்கு ஒன்று. லூக்கா 24 அதிகாரம், டிசம்பர் முதல் தேதி தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் முடியும். சங்கீதம் 119-இல் எட்டெட்டு வசனமாக 22 பகுதி, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பகுதி வாசிக்க இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

வாங்குவதற்குப் பார்க் டவுன் பக்கம் போனால் ஒரே நடையில் முடியும். 1858-இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் அங்கேதான், சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம். கீர்த்தனை, பழைய இலக்கியம், இறையியல் இவற்றுக்கு முதலில் அங்கே கேளுங்கள். வேதாகமத்துக்கு வேதாகமச் சங்கத்தின் பதிப்புகள். அச்சு இல்லை என்று பதில் வரும் புத்தகங்கள் உண்டு. பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

ஆர்டரை செப்டம்பரிலேயே கொடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பார்சல் நனைந்தால் வேதாகமத் தாள் அலையலையாகிவிடும், வெயிலில் காய வைத்தாலும் நேராகாது. அலமாரி சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். தரையிலிருந்து இரண்டடி வரை எதுவும் வைக்க வேண்டாம், 2015 டிசம்பரில் இந்த ஊரில் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. இராமபாணப் பூச்சிக்கு நாப்தலீன் உருண்டையைவிட, மாதம் ஒரு தடவை எல்லாப் புத்தகத்தையும் எடுத்துத் தட்டி வைப்பதே நல்ல மருந்து. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாலு பேருக்கு அரை மணி நேர வேலை.

பார்சல் வந்த அன்றே ஒவ்வொரு பிரதியையும் முதலிலிருந்து கடைசி வரை பக்க எண் பார்த்துப் புரட்டுங்கள். பாரம் (சேர்த்து மடித்த தாள்தொகுதி) மாறித் தைத்த பிரதி எப்போதாவது ஒன்று வரும், பதினாறோ முப்பத்திரண்டோ பக்கம் மொத்தமாக விட்டுப்போயிருக்கும். முத்திரை குத்துவதற்கு முன் கண்டுபிடித்தால் கடையில் மாற்றித் தருவார்கள். சரிபார்த்த பிறகு தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, நடுவில் நீங்கள் குறித்துக்கொண்ட ஒரு பக்கத்தில் இன்னொன்று, பதிவேட்டில் எண். வெளியே எடுத்துப் போகிறவருக்கு மூன்று வாரம் தவணை, திருப்பித் தர ஆராதனை முடிந்த அரை மணி நேரம். பதிவேட்டைக் கவனிக்க ஒரே ஆளை மட்டும் போடாமல் இருவரை வையுங்கள். ஒருவர் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் அலமாரி திறந்திருக்க வேண்டும்.