பேப்பர் கிளிப்பா, லேப்டாப்பா, மல்டிமீட்டரா? பழைய செவர்லே பிக்கப்பில் சென்சார் கோளாறு

புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் போனிலேயே கோளாறு தெரிந்துவிடும் என்று நாம் பழகிவிட்டோம். 1988 முதல் 1995 வரை வந்த செவர்லே சி1500 மாதிரியான பிக்கப்பில் அது நடக்காது. அந்த ஸ்கேனர் பேசும் பொதுக் கோளாறு மொழியான ஓபிடி-2 அமெரிக்காவில் கட்டாயமானது 1996 மாடலில் இருந்துதான். 1995 வண்டிகள் சிலவற்றில் ஓபிடி-2க்கான 16 பின் (இணைப்பு முனை) சாக்கெட்டைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. சாக்கெட் புதுசு, உள்ளே பேசும் மொழி பழசு.

எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாயிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் உள்ள இந்த வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிக்க வழி மூன்று. நாலாவதாக ஒன்றும் ஊரெல்லாம் நடக்கிறது: சந்தேகம் வந்த சென்சாரையெல்லாம் வரிசையாக மாற்றுவது. அதை ஒரு வழி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேப்பர் கிளிப்புக்குக் காசே தேவையில்லை. டாஷ்போர்டின் அடியில் 12 பின் சாக்கெட் இருக்கும். அதன் மேல் வரிசையில் வலது ஓரத்து ஏ, பி இரண்டையும் கிளிப்பால் இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். ஒரு மின்னல், சின்ன இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் 12. அது கோளாறு இல்லை, கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சேமித்து வைத்த கோடுகள் (கோளாறைச் சொல்லும் எண்கள்) ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை வரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோடு சொல்வது எந்த சர்க்யூட் என்பதை. எந்தப் பாகம் கெட்டது என்பதை இல்லை. 44 வந்தால் ‘காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் குறைவு’ என்று, புகையில் உள்ள ஆக்ஸிஜனைக் கவனிக்கும் ஓ2 சென்சார் சொல்கிறது, அவ்வளவுதான். வேக்கம் கசிவோ (கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைவது), பம்ப் அழுத்தம் இறங்கியதோ, எக்ஸாஸ்ட் ஓட்டையோ காரணமாக இருக்கலாம். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்து என்ன பயன்?

கேபிள் வாங்கி லேப்டாப்பில் பார்ப்பது கவர்ச்சியானது. ஓடும்போதே கம்ப்யூட்டர் என்ன வெப்பநிலையை நம்புகிறது என்று தெரியும். ஆனால் இவற்றில் பல வண்டிகள் 160 பாட் (விநாடிக்கு 160 பிட்) வேகத்தில்தான் பேசும். ஒரு சுற்றுத் தகவல் வர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சார் கண நேரம் துள்ளினால் அது திரையில் வராமலே போகலாம்.

மல்டிமீட்டரில் அது தப்பாது, அதுவும் பழைய முள் மீட்டரில். அந்த சென்சாரின் சிக்னல் வயரில் மீட்டரை வைத்து, சாவி ஆனில் த்ராட்டிலை மெல்லத் திறந்தால் அரை வோல்ட்டில் தொடங்கி நாலரை வரை முள் சீராக ஏற வேண்டும். நடுவில் விழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது. ஓ2 சென்சாருக்கு மட்டும் முள் மீட்டர் வேண்டாம், அதன் பலவீனமான சிக்னலை மீட்டரே இழுத்துவிடும், டிஜிட்டல்தான் சரி.

கோடு 15 வந்தால், எஞ்சின் சூடாக இருந்தும் குளிர்ந்திருப்பதாக கூலன்ட் சென்சார் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பத்தை அளப்பது) சர்க்யூட் சொல்கிறது. இணைப்பைக் கழற்றி, சாவி ஆனில் இரு வயருக்கும் நடுவே அளக்கவும். 5 வோல்ட் அளவுக்கு இருந்தால் வயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. இல்லாவிட்டால் புது சென்சார் போட்டும் அதே கோடுதான் வரும். சென்சாரின் மின்தடையையும் தனியே அளக்கலாம்: 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம், 100 டிகிரியில் 177. எண் முழுக்கக் கெடாமல் கொஞ்சம் மட்டும் தவறாக இருந்தால் கோடே விழாது, வண்டி மட்டும் பெட்ரோலைக் குடிக்கும். கிளிப் அங்கே ஊமை.

என் தேர்வு, முதலில் கிளிப், உடனே மீட்டர். லேப்டாப், வண்டி ஓடும்போது மட்டும் வரும் கோளாறுக்கு.

கூலன்ட் சென்சார் வாங்கும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்டு முள்ளுக்கானது. கம்ப்யூட்டருக்குரியது முன்பக்கம் தெர்மோஸ்டாட் அருகே, இரண்டு வயருடன் இருக்கும்.